கழுதைப் பந்தயத்துக்கு முந்தைய கச்சேரி

விசாலாக்ஷி இத்தாலி போகப்போகிறாள் என்ற செய்தி மயிலாப்பூரில் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. காலையில் பால் பூத்தில் அவள் கணவர் சுப்பராமன் யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் குளத்தங்கரையில் பூ வாங்கப் போனபோது பூக்காரியே, "இன்னாம்மா, ஃபாரின் போறியாமே, அங்கெல்லாம் மல்லி கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டாள்.

விசாலாக்ஷிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சுத்தமான பாட்டு. ஸ்வரம் பாடினால் கணக்கு பிசகாது, சாகித்யத்தில் ஓர் எழுத்தை விழுங்க மாட்டாள். ஆனாலும் மார்கழியில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மத்தியானம் பன்னிரண்டு மணிக் கச்சேரிதான். அதற்கு டிக்கெட் கிடையாது. காலைக் கச்சேரி முடிந்து சாயங்காலம் வரை எங்கே போவது என்று தெரியாதவர்கள், காண்டீனில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள், சும்மா கண்ணயர வந்தவர்கள், இவர்கள்தான் அவளுடைய சபை. மேடையில் உட்கார்ந்ததும் அவள் தலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள். வர்ணம் பாடிக்கொண்டே எண்ணுவாள். யாராவது எழுந்து போனால் ராகத்துக்கு நடுவில்கூட அவள் கண் அந்த முதுகோடு வாசல் வரை போய்த் திரும்பும்.

அவளை இத்தாலிக்கு அழைத்தவள் பாவ்லா. சமஸ்கிருதம் படிக்க வந்து அடையாறில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெண். இரண்டு வருஷம் சைக்கிளில் வந்து விசாலாக்ஷியிடம் பாட்டு கற்றுக்கொண்டாள். குரல் சுமார்தான், ஆசை அதிகம். தமிழும் அந்த வீட்டிலேயே காதில் விழுந்து வந்ததால், வாசலில் நின்று "மாமி, ஆத்துல இருக்கேளா?" என்றுதான் கூப்பிடுவாள். ஊர் திரும்பிப் போய் ஒரு வருஷம் கழித்து, தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், ஃபோன் செய்தாள்.

"மாமி, எங்க ஊர்ல அக்டோபர்ல பெரிய ஃபெஸ்டிவல். நீங்க வந்து பாடணும். முனிசிபாலிட்டி டிக்கெட் குடுக்கறது. மூணு பேர் வரலாம்."

மயிலாப்பூரில் ஃபெஸ்டிவல் என்றால் ஒரே அர்த்தம்தான். விசாலாக்ஷி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "என்ன ஃபெஸ்டிவலாம்?" என்று சுப்பராமன் கேட்டதற்கு, "ம்யூசிக் ஃபெஸ்டிவல்தான், வேற என்ன?" என்றாள்.

செய்தி சபா காரியதரிசி ராமபத்ரனுக்கும் எட்டியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரே வீடு தேடி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். "போய்ட்டு வாங்கோ. ஃபோட்டோ நன்னா எடுத்துக்கோங்கோ. இந்த வருஷம் நாலு மணி ஸ்லாட் ஒண்ணு காலி. இத்தாலின்னு சொன்னா கமிட்டியில நான் பேசிக்கறேன்" என்றார்.

நாலு மணிக் கச்சேரிக்கு டிக்கெட் உண்டு, பத்திரிகை விமர்சனம் உண்டு. விசாலாக்ஷி அன்றே பீரோவைத் திறந்து பட்டுப்புடவையைத் தேர்ந்தெடுத்தாள்.

உடன் கிளம்பியவர்கள் இருவர். வயலினுக்கு ஸ்ரீகிருஷ்ணா. வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவன். மிருதங்கத்துக்கு சிதம்பரநாதன். வடபழனியில் குடியிருந்தார். சினிமா ஒலிப்பதிவுகளில் வாசித்துக் குடும்பம் நடத்தியவர், மேடையில் பல வருஷமாக விசாலாக்ஷிக்கு மட்டும்தான் வாசித்தார். அதிகம் பேச மாட்டார். கச்சேரி முடிந்ததும் மிருதங்கத்துக்கு உறை போட்டு, "வரேம்மா" என்று கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்.

பாவ்லாவின் ஊர் வால்ஃபியோரா. ரோமாபுரியில் இறங்கி, ரயிலில் பாதி நாள் போய், அப்புறம் பாவ்லாவின் மாமா ஓட்டிய வேனில் மலையேற வேண்டியிருந்தது. வழியெல்லாம் சரிவுகளில் திராட்சைக் கொடிகள், அவற்றுக்கு மேலே இலை மஞ்சளாகிக்கொண்டிருந்த செஸ்ட்நட் மரங்கள். ஊர் என்று சொன்னால் ஒரு மாதா கோவில், அதன் முன்னால் கல் பாவிய சதுக்கம், நான்கு தெரு. அவ்வளவுதான். நம் மாட வீதியிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள் என்று விசாலாக்ஷி நினைத்துக்கொண்டாள்.

பாவ்லாவின் அம்மா ரோஸெத்தா வாசலிலேயே காத்திருந்து விசாலாக்ஷியின் இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். விசாலாக்ஷிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையைக் கூப்பியபடியே கன்னத்தைக் காட்டினாள். மாமி மாமிசம் சாப்பிட மாட்டாள் என்று பாவ்லா முன்கூட்டியே சொல்லியிருந்ததால், சோளமாவில் களி கிண்டி அதன்மேல் வெண்ணெயும் சீஸும் போட்டுக் கொடுத்தாள். கூடவே சுட்ட செஸ்ட்நட் கொட்டை ஒரு கிண்ணம். உரித்து வாயில் போட்டதும் ஸ்ரீகிருஷ்ணா, "மாமி, பலாக்கொட்டை! கொஞ்சம் சக்கரைவள்ளிக் கிழங்கு கலந்த பலாக்கொட்டை!" என்று கத்தினான். சிதம்பரநாதன்கூட இரண்டாம் தடவை கையை நீட்டினார்.

சாப்பாடு முடிந்ததும், "மேடையைப் பார்க்கலாமா?" என்றாள் விசாலாக்ஷி. பாவ்லா மூவரையும் சதுக்கத்துக்கு அழைத்துப்போனாள்.

திருவிழா மறுநாள். சதுக்கம் முழுக்க ஆட்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒரு மூலையில் நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய இரும்பு வாணலி, அடியெல்லாம் ஓட்டை ஓட்டையாக, செஸ்ட்நட் சுடுவதற்கு. அதையொட்டி திராட்சை மிதிக்கும் மரத்தொட்டிகள். நடுவே கயிறு கட்டி வைக்கோல் பரப்பி ஓடுபாதை போட்டிருந்தார்கள். கடைசியில், ஒயின் பீப்பாய்கள் அடுக்கிய கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவில், ஒரு சின்னப் பலகை மேடை. அந்த இன்னொரு கடைக்காரர் முழுப் பன்றி ஒன்றைக் கம்பியில் கோத்துச் சுட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பன்றிக்கு முகம் இருந்தது.

விசாலாக்ஷி பன்றியையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்கேயா?" என்றாள் கடைசியில்.

"ஆமா மாமி. முதல்ல பேண்டு. அப்புறம் நீங்க, அரை மணி. அப்புறம் கழுதை ரேஸ்."

"கழுதை?"

"நாலு தெருவுக்கு நாலு கழுதை. நம்ம தெருக் கழுதை பேர் ஜீனா. போன வருஷம் தோத்துட்டா." பாவ்லாவின் முகம் அவ்வளவு மலர்ச்சியாக இருந்தது. "திராட்சை அறுத்தாச்சு, செஸ்ட்நட் உதிர்ந்தாச்சு. அதுக்குத்தான் மாமி இந்த ஃபெஸ்டிவல். நான் பிறக்கறதுக்கு முன்னாலேர்ந்தே இருக்கு. வெளிதேசத்துலேர்ந்து பாட வரது இதுதான் முதல் தடவை. நீங்கதான்."

"நீ ம்யூசிக் ஃபெஸ்டிவல்னு சொல்லலையா?"

பாவ்லா யோசித்தாள். "ஃபெஸ்டிவல்னு சொன்னேன்" என்றாள். அது உண்மைதான்.

"நான் பாட மாட்டேன்."

"மாமி..."

"பாட மாட்டேன்னா பாட மாட்டேன். பன்னி சுடற இடத்துல, குடிச்சிண்டு நிக்கறவா நடுவுல! ஊர்ல என்ன சொல்லிண்டு வந்திருக்கேன் தெரியுமா?"

பாவ்லாவும் லேசில் விடவில்லை. மயிலாப்பூரில் இரண்டு வருஷம் இருந்தவள். "மாமி, அறுபத்துமூவர் அன்னிக்குக் கோவில் வீதியில எவ்வளவு கூட்டம்! மோர் குடிக்கறா, பலூன் வாங்கறா, குழந்தை அழறது. அதுக்கு நடுவுல தவுல், நாகஸ்வரம் வாசிக்கறாளே, யாராவது நிறுத்தறாளா?"

"அது அவா தொழில்!" விசாலாக்ஷியின் குரல் சதுக்கத்தில் எதிரொலித்தது. "தெருவுல தவுல் அடிக்கறவாளும் நானும் ஒண்ணா? அதுக்கா இத்தனை தூரம் வந்தேன்?"

ஸ்ரீகிருஷ்ணா சட்டென்று சிதம்பரநாதனைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்த பிறகுதான் விசாலாக்ஷிக்கு உறைத்தது. சிதம்பரநாதனின் அப்பா தவுல் வித்வான். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கோவிலில் ஆயுசு முழுக்க வாசித்தவர். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பழக்கத்தில் தெரிந்ததுதான், யோசித்துப் பார்த்ததில்லை.

சிதம்பரநாதன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "குளுருது. நான் ரூமுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக மேட்டில் ஏறிப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. பசியில்லை என்று ஸ்ரீகிருஷ்ணாவிடம் சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலை விசாலாக்ஷி சமையலறைக்குப் போனபோது அவர் அங்கே இருந்தார். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்ப வேண்டும், அப்போதுதான் தொப்பி என்கிற அந்தப் பக்கம் கும்மென்று பேசும். ஊரிலிருந்து கொண்டுவந்த ரவைப் பொட்டலம் வழியில் எங்கோ பிரிந்து கொட்டிப்போயிருந்தது. அவர் சைகையில் கேட்க, ரோஸெத்தா ஒரு ஜாடியைத் திறந்து காட்டினாள். மஞ்சளாக, நம் ரவையேதான். அவர் அதைப் பிசைந்து தோலில் அப்பித் தட்டியதும், அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.

பாட மாட்டேன் என்று விசாலாக்ஷி சொல்லியிருந்தும் அவர் ரவை அப்பிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தபடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சிதம்பரநாதன், நேத்திக்கு நான் பேசினது தப்பு."

"விடுங்கம்மா."

"விடற பேச்சு இல்லை அது. கோவத்துல வந்துடுத்துன்னு சொல்லலாம். ஆனா மனசுல இல்லாதது வாயில வராது. அதுதான் எனக்கே சங்கடமா இருக்கு."

அவர் ரவையைக் கட்டைவிரலால் ஓரம் சரிசெய்தார். "எங்க அப்பா தெருவுலதாம்மா வாசிச்சாரு. பந்தம் பிடிக்கிறவன் எண்ணெய் மேல சொட்டும். பின்னால இருந்து கூட்டம் நெட்டும். அவரு கையைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன். சபாவில வாசிக்கிறேன்னு தெரிஞ்சதும் அவருக்குப் பெருமைதான். ஆனா ஒரு தடவை வந்து கேட்டுட்டு, 'என்னப்பா, எல்லாரும் தூங்குறாங்க'ன்னாரு."

விசாலாக்ஷிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "என் கச்சேரியா அது?"

"ஆமாம்மா" என்றார் சிதம்பரநாதன். அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

அவள் எழுந்தாள். "எத்தனை மணிக்கு அந்த பேண்டு முடியறது?" என்று அப்போதுதான் உள்ளே வந்த பாவ்லாவைக் கேட்டாள்.

அன்று காலையில் முதலில் கோவிலில் பூஜை நடந்தது. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், திராட்சைக் கூடைகள், சோளக்கதிர், செஸ்ட்நட் மூட்டை எல்லாம் குவித்திருந்தார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். ஊரில் ஐப்பசி அன்னாபிஷேகம் இந்த வாரம்தானே என்று விசாலாக்ஷிக்கு ஞாபகம் வந்தது. ஒரு மூலையில் நின்று கும்பிட்டுக்கொண்டாள். வெளியே வந்தால் சதுக்கம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் திராட்சையை மிதித்தார்கள். குழந்தைகள் வாயெல்லாம் ஊதா. புளிக்காத புதுச்சாறு என்று பாவ்லா சத்தியம் செய்த பிறகு ஸ்ரீகிருஷ்ணா இரண்டு டம்ளர் குடித்தான். வாணலிக்காரர்கள் நாலு பேரும் கம்பியைப் பிடித்து உலுக்க, செஸ்ட்நட் மேலே எழும்பித் திரும்பி விழுந்தது. பன்றிக் கடைக்கு விசாலாக்ஷி முதுகைக் காட்டிக்கொண்டாள். வாசனைக்கு முதுகு காட்ட முடியவில்லை.

பேண்டு முடிந்தது. மார்பின் குறுக்கே பட்டை கட்டிய மேயர் ஏதோ நீளமாகப் பேசி, "விஸலாஸ்கி!" என்று முடித்தார். கைதட்டினார்கள். அரக்குப் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அவளும் மற்ற இருவரும் மேடையில் உட்கார்ந்தார்கள். சுருதிப் பெட்டி கேட்கவேயில்லை. சின்னதாக ஒரு கீர்த்தனை பாடி முடித்தாள். முன் வரிசையில் சிலர் தட்டினார்கள். மற்றவர்கள் பாட்டு முடிந்ததையே கவனிக்கவில்லை.

அடுத்து மோகனத்தை எடுத்தாள். விஸ்தாரமாக இல்லை, அளவாகத்தான். மெல்ல ஏறி மேல் ஷட்ஜத்தைத் தொடப்போன நேரம், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஜீனா கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை. மூச்சை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, நீளமாக. சதுக்கமே வெடித்துச் சிரித்தது.

விசாலாக்ஷி நிறுத்திவிட்டாள். பாடகி விட்ட இடத்தைப் பிடித்து வாசிப்பது வயலின்காரனுக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். ஸ்ரீகிருஷ்ணா தன்னையறியாமல் வில்லை இழுத்துவிட்டான். அவன் இழுத்தது விசாலாக்ஷி பாடியதை அல்ல, கழுதை பாடியதை. அந்த இழுப்பு, அந்த நிறுத்தம், எல்லாம் அப்படியே வந்தது. கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு கையைத் தட்டிக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பியது. ஸ்ரீகிருஷ்ணாவின் முகம் வெளிறிப்போயிற்று. "மாமி, சாரி மாமி" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

விசாலாக்ஷி பக்கவாட்டில் பார்த்தாள். சிதம்பரநாதன் மிருதங்கத்தின் மேல் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பல் தெரிந்து அவள் பார்த்ததில்லை.

அவள் எங்கிருந்து துணிவு பெற்றாளோ, கழுதை விட்ட ஸ்தானத்திலேயே குரலை வைத்தாள். அதிலிருந்து வழுக்கி மேல் ஷட்ஜத்தில் வந்து நின்றாள். நின்று, அங்கேயே கொஞ்சம் உலாவி, இறங்கினாள். ஸ்ரீகிருஷ்ணா உயிர் வந்தவன்போல் பின்தொடர்ந்தான். பாட்டு ஓடியது. சிதம்பரநாதன் தனி ஆவர்த்தனத்தில் என்றும் வாசிக்காத நடைகளை வாசித்தார், தவுலின் உருட்டுச் சொற்கள். பெரும்பாலோர் அதற்குள் பந்தயத்துக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். நெருப்பை விட்டு நகரமுடியாத வாணலிக்காரர்களும், ஒரு பெஞ்சில் சில கிழவிகளும், ரோஸெத்தாவும் இருந்தார்கள். வேறு யாராவது இருந்தார்களா என்று பிற்பாடு சுப்பராமன் கேட்டபோது விசாலாக்ஷியால் சொல்ல முடியவில்லை. அவள் எண்ணியிருக்கவில்லை.

பிறகு பந்தயம். பாவ்லா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கயிற்றோரம் எதுவும் தெரியாததால் விசாலாக்ஷி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நான்கு கழுதைகள், முதுகில் சேணமில்லாமல் நான்கு பிள்ளைகள். சதுக்கத்தை மூன்று முறை சுற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே ஜீனா ஓட்டத்தை விட்டுவிட்டு, நீரூற்றுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அதன் மேல் இருந்தவன் என்ன செய்தும் அசையவில்லை. பாவ்லாவின் மேலத்தெருக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"ஏய்! போடி! கச்சேரி நடுவுல கத்தத் தெரிஞ்சுதில்லையா, இப்போ ஓடுடீ!" என்று விசாலாக்ஷி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்.

அவள் கத்தியதாலோ, தாகம் தீர்ந்ததாலோ, ஜீனா தலையை நிமிர்த்திப் பாய்ந்தது. இரண்டாம் சுற்றில் ஒன்றைத் தாண்டியது, மூன்றாம் சுற்றில் இன்னொன்றை. கோட்டைத் தொடும்போது முதல் கழுதைக்கும் அதற்கும் ஒரு முழம்தான் வித்தியாசம். இரண்டாம் இடம். போன வருஷம் கடைசி என்பதால் மேலத்தெருவுக்கு அதுவே வெற்றி. முகம் தெரியாத ஆட்களெல்லாம் விசாலாக்ஷியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். இரண்டு நாளைக்கு அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

தீபாவளிக்கு முன்னால் ஊர் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் பாவ்லாவிடமிருந்து புகைப்படங்கள் வந்தன. மேடையில் எடுத்த படங்கள் எல்லாம் ஆடிப்போயிருந்தன, மைக் கம்பி முகத்தை மறைத்தது. ஒரே ஒரு படம் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி விழுந்திருந்தது. பட்டுப்புடவை, காதில் வைரத்தோடு மின்னுகிறது, கைகள் இரண்டும் மேலே, வாய் திறந்து, கண் மூடி. சுப்பராமன் பெருமை தாங்காமல் அதை ராமபத்ரனிடம் காட்டிவிட்டார். அவர் அன்றே வீட்டுக்கு வந்தார்.

"அடடா, முகத்துல என்ன ராக பாவம்! தார ஸ்தாயியில லயிச்சுப் போய் நிக்கறேள். என்ன ராகம்?"

"கழுதையை விரட்டிண்டிருந்தேன்" என்றாள் விசாலாக்ஷி.

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் முழுக்கச் சொன்னாள். சந்தை, பன்றிக் கடை, பந்தயம், எல்லாம். ராமபத்ரன் படத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல கழுதை எங்கே இருக்கு? இல்லையே. இத்தாலி சர்வதேச இசை விழாவில்னு அடியில ஒரு வரி. யாருக்குத் தெரியப்போறது? நாலு மணி உங்களுக்குத்தான்."

"ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்னு போடுங்கோளேன். அறுவடைத் திருவிழாவில் பாடினார்னு."

"கமிட்டியில சிரிப்பா மாமி. அதுக்கு எதுக்கு நாலு மணி, பொங்கலுக்குப் பாடச் சொல்லும்பா."

சுப்பராமன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு விசாலாக்ஷி உள்ளே போய் இறக்கி வைத்தாள். காபி கலந்தாள். திரும்பி வந்து டபராவை ராமபத்ரன் முன்னால் வைத்தபோது, "பன்னண்டு மணியே இருக்கட்டும்" என்றாள்.

ராமபத்ரன் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்குக் கோபமில்லை, புரியவில்லை, அவ்வளவுதான். இருட்டியபின் சுப்பராமன் மெதுவாகக் கேட்டார்: "பேசாம இருந்திருக்கலாமோ?"

"இருந்திருக்கலாம்தான்" என்றாள். "அந்த நாலு மணிக்கு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா மைக்ல அந்தப் பொய்யைப் படிப்பா, படிக்கறச்சே பக்கத்துல சிதம்பரநாதன் உட்கார்ந்திருப்பார். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம்."

சுப்பராமனுக்கு அது போதும். மறுநாளிலிருந்து அவர் பால் பூத்தில் கழுதைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல ஜீனா இன்னும் பெரிதாகி, இன்னும் வேகமாக ஓடியது.

மார்கழியில் அதே மத்தியானக் கச்சேரி நடந்தது. கூட்டம் வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடத்தான், கதை கேட்டு வந்தவர்கள். மோகனம் பாடுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம், அவள் தோடி பாடினாள். சிதம்பரநாதனின் தனிக்கு மட்டும் எப்போதும் தருவதைவிட நிறைய நேரம் விட்டாள். காண்டீனுக்குப் போக எழுந்தவர்களில் இரண்டு மூன்று பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை.

முடிந்ததும் சிதம்பரநாதன் மிருதங்கத்துக்கு உறை போட்டு, "வரேம்மா" என்று கும்பிட்டார்.

"எங்கே வரது? பசிக்கலையா உங்களுக்கு? வாங்கோ, காண்டீனுக்குப் போகலாம்" என்றாள் விசாலாக்ஷி.

மூவரும் ஒரே வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. சிதம்பரநாதனின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, ஸ்ரீகிருஷ்ணாவுக்குப் பெண் பார்ப்பது, எல்லாம். ஒருவர் வாசித்து ஒருவர் பாடி இத்தனை வருஷம் ஆகியும் சிதம்பரநாதனுக்கு எத்தனை குழந்தைகள் என்றே அவளுக்கு அதுவரை தெரியாது.

ரசம் வந்தபோது விசாலாக்ஷி சொன்னாள்: "நேத்திக்கு பாவ்லா ஃபோன் பண்ணினா. அடுத்த வருஷமும் வரணுமாம். மேயர் கேட்கச் சொன்னாராம்."

"போலாம் மாமி!" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

சிதம்பரநாதன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தார். "போலாம்மா. ஆனா இந்தத் தடவை நம்மளை ரேஸுக்கு அப்புறமா போடச் சொல்லுங்க. ஜனங்க நிதானமா உக்காந்து கேப்பாங்க."

"அதெல்லாம் வேண்டாம், முன்னாடியே இருக்கட்டும்" என்றாள் விசாலாக்ஷி. "ரேஸ் முடிஞ்சப்புறம் எனக்குத் தொண்டை எங்கே இருக்கும்?"

பரிமாறுகிறவர் பாயசத்தோடு வந்தார். அவள் சிதம்பரநாதனின் இலையைக் காட்டி, முதலில் அவருக்கு விடச் சொன்னாள்.